பங்கு சர்வரில் ஒரு விஎம்: இரண்டு வருட நெட்வொர்க் அனுபவம்

திருவொற்றியூரில் எங்கள் கன்டெய்னர் யார்டின் கேட் பாஸ் மென்பொருள், மும்பையில் பலர் பங்குபோடும் சர்வரில் ஒரு விஎம்மாக (சர்வருக்குள் மென்பொருளால் பிரித்த விர்ச்சுவல் மெஷின்) ஓடுகிறது. 2 விசிபியு (விஎம்முக்கு ஒதுக்கிய சிபியு பங்கு), 4 ஜிபி ராம், 1 ஜிபிபிஎஸ் போர்ட். நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினால் 900 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் காட்டும், அதில் பொய்யில்லை. ஆனால் சாயங்காலம் டிரெய்லர் நம்பரை அடித்து என்டர் தட்டினால் பாஸ் வர மூன்று நான்கு விநாடி ஆகும். பின்னால் எண்ணூர் விரைவுச் சாலை வரை வண்டிகள் நிற்கும். ஹாரன் சத்தத்தில் எம்பிபிஎஸ் கணக்கை யார் கேட்பது?

பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தைச் சொல்லும் பிங், மில்லிவிநாடியில் 28, 31, 240, 29, 190 என்று துள்ளியது. எங்கள் பக்கத்து பிராட்பேண்ட்மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். வழியின் ஒவ்வொரு கட்டத்தையும் (ஹாப்) அளக்கும் எம்டிஆரில் பார்த்தால் வழியெல்லாம் நிதானம், கடைசி ஹாப்பில் மட்டும் துள்ளல். விஎம்முக்குள் சிபியு நிலவரம் காட்டும் டாப் கமாண்டில் 'எஸ்டி' (ஸ்டீல், பறிபோன நேரம்) 15, 20 சதவீதம் என்று ஏறியிருந்தது. நமக்குச் சேரவேண்டிய சிபியு நேரம் அதே சர்வரில் இருக்கும் மற்ற விஎம்களுக்குப் போகிறது என்று அர்த்தம். பாக்கெட் வந்து சேர்ந்தாலும் அதை எடுக்க நம் விசிபியுவுக்கு முறை வரவேண்டும். குழாய் பெரிதுதான், குடம் வைக்க இடம் கிடைக்கவேண்டுமே!

சர்வர் நிறுவனத்துக்கு 'ஸ்லோ' என்று டிக்கெட் போட்டால் 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்றுதான் பதில் வரும். எஸ்டி அளவை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிய பிறகே வேறு ஹோஸ்டுக்கு (விஎம்களைத் தாங்கும் சர்வர்) மாற்றினார்கள். சில மாதம் நிம்மதி, அப்புறம் மறுபடி அதே கதை.

விஎம்மின் நெட்வொர்க் கார்டு டிரைவரையும் பாருங்கள். அவர்கள் தந்த டெம்ப்ளேட்டில் இ1000 இருந்தது. அது பழைய இன்டெல் கார்டு மாதிரி நடிக்கும் எமுலேஷன், சிபியுவைத் தின்னும். விஎம்களுக்கென்றே செய்த விர்ட்ஐஓவுக்கு மாற்றியதும் சுமை குறைந்தது.

ஆளைச் சுற்றவிட்டது எம்டியு, அதாவது துண்டாக்காமல் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு. லாகின் ஆகும், பாஸ் வரும். கன்டெய்னர் சேத போட்டோ மட்டும் அப்லோடில் பாதியில் நிற்கும். துண்டாக்கக் கூடாது என்று சொல்லி பிங் அனுப்பினால் 1422 பைட் போகிறது, 1423 போகவில்லை. 28 பைட் ஹெடரைச் சேர்த்தால் 1450. அவர்கள் நெட்வொர்க்குக்குள் விஎக்ஸ்லேன் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் முறை) ஓடுகிறது, அதன் உறைக்கே 50 பைட் போய்விடுகிறது. விஎம்மில் எம்டியு 1500 என்றே இருந்தது. 1450 ஆக்கினோம், போட்டோ ஏறியது. இதை வாடிக்கையாளரே தோண்டிக் கண்டுபிடிக்க வேண்டுமா என்ன?

இப்போது கேட் பாஸ் மட்டும் தனி சிபியு பிளானில் இருக்கிறது. வாடகை ஏறக்குறைய இரட்டிப்பு, எஸ்டி பெரும்பாலும் பூஜ்யம். ரிப்போர்ட்டும் பேக்கப்பும் பழைய பங்கு விஎம்மிலேயே ஓடட்டும் என்று விட்டுவிட்டோம். ராத்திரி வேலைக்கு அரை விநாடி தாமதம் ஒரு பொருட்டே இல்லை.