பலூன் கத்தீட்டரா, அவ்வப்போது செருகும் டியூபா?

முதுகுத்தண்டில் அடிபட்டோ, சர்க்கரை நோயால் நரம்பு கெட்டோ சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாதவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் இரண்டு வழி சொல்வார்கள். உள்ளேயே தங்கி சிறுநீரை வடிக்கும் குழாயான ஃபோலி கத்தீட்டர் ஒன்று. நாமே செருகி, சிறுநீர் வடிந்ததும் எடுத்துவிடும் டியூப் இன்னொன்று.

ஃபோலியின் சூட்சுமம் நுனியில் உள்ள பலூன். கிருமியற்ற நீரை ஏற்றினால் அது உப்பி, குழாயை நழுவவிடாது. 1930களில் இதை உருவாக்கிய அமெரிக்க டாக்டர் ஃபிரெடெரிக் ஃபோலி காப்புரிமைப் போட்டியில் தோற்றார். பெயர் மட்டும் அவருடையதாக நிலைத்தது. படுக்கையில் இருப்பவருக்கு இது வசதிதான். ஆனால் நாளாக ஆகக் குழாயில் கிருமிகள் படலமாகப் படியும், உப்பு சேர்ந்து அடைக்கும். சிலிகோன் குழாய் என்றாலும் 12 வாரத்துக்குள் மாற்ற வேண்டும்.

இரண்டாவது முறையை 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் டாக்டர் ஜாக் லாபிடஸ் முன்வைத்தார். கிருமியற்ற கையுறை தேவையில்லை, சோப்பு போட்டுக் கழுவிய கை போதும் என்றார்! சிறுநீர்ப்பை நிரம்பி விம்முவதே தொற்றுக்கு முக்கியக் காரணம் என்பது அவர் வாதம். நாளைக்கு 4 முதல் 6 முறை செருக வேண்டியிருக்கும்.

கடலூர் முதுநகரில் மீன் ஏலத்துக்குப் போகிறவர், வேட்டிக்குள் ஃபோலியின் யூரின் பையோடு நிற்பதைவிட இதுதான் மேல் என்பேன். சுத்தமான கழிப்பறை கிடைப்பதுதான் பாடு. பெண்களுக்கு இன்னும் கஷ்டம். கை நடுங்குகிறது, வீட்டில் துணையும் இல்லை என்றால் சரி, ஃபோலிதான். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் யூராலஜி ஓ.பி.க்குப் போனால், செருகும் விதத்தை நர்ஸிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள், அப்புறம் முடிவெடுக்கலாம்.