52100 ப்ளக் கேஜ்: தேயவில்லை, பெருக்கிறது

துளையின் விட்டம் சரியா என்று நுழைத்துப் பார்க்கும் ப்ளக் கேஜ் செய்ய, பேரிங் எஃகான 52100 எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எஸ்யூஜே2, 100சிஆர்6 என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

தேய்மானத்தில் குறை சொல்லவே முடியாது. 840 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடேற்றி, எண்ணெயில் முக்கி, 170 டிகிரியில் டெம்பர் செய்தால் (நொறுங்காமலிருக்க மறுபடி மிதமாகச் சூடாக்கினால்) 60 ஹெச்ஆர்சி (ராக்வெல் அளவில் கடினம்) தாராளமாக வரும். கரையாமல் தங்கும் நுண்ணிய கார்பைடுகள் (கடினமான கார்பன் சேர்மத் துகள்கள்) இருப்பதால் வருடக்கணக்கில் புழங்கிய கேஜின் முனைகூட மழுங்கவில்லை. துடைக்காமல் வைத்தால் துரு பிடிக்கும், 1.5 சதவீதக் குரோமியத்திடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

என் எரிச்சல் வேறு. 25 மி.மீ. கேஜ் பெட்டியில் சும்மா கிடந்தே சில மைக்ரான் பெருத்துவிட்டது. லேப் செய்து (நுண்பொடியால் தேய்த்து) அளவுக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் பார்த்தால் மறுபடியும் பெருத்திருக்கிறது!

எண்ணெயில் முக்கியதும் ஆஸ்டெனைட் (உலைச் சூட்டில் எஃகு இருக்கும் படிக நிலை) முழுக்க மார்டென்சைட் (சட்டென்று குளிர்ந்ததும் வரும் கடினமான நிலை) ஆகிவிடுவதில்லை. அந்த மாற்றம் முடிய வேண்டிய வெப்பநிலை அறை வெப்பத்துக்கும் கீழே இருக்கிறது. அதனால் 10 சதவீதம் போல ஆஸ்டெனைட் மிஞ்சிவிடும். உலையில் சூடு கூடிப்போனால் கார்பைடு அதிகம் கரைந்து, மிச்சமும் கூடும். இந்த மிச்சம் பின்னாளில் மெல்ல மெல்ல மாறுகிறது. மாறும்போது கன அளவு ஏறக்குறைய 4 சதவீதம் விரியும். அந்த 10 சதவீதமும் மாறிவிட்டால் 25 மி.மீ. விட்டத்தில் 30 மைக்ரானுக்கு மேல் கூடும். கேஜ் அதோடு குப்பைதான்.

குவென்ச் (எண்ணெயில் முக்கும் வேலை) முடிந்த கையோடு மைனஸ் 70, 80 டிகிரிக்கு இறக்கியிருந்தால் மிச்சத்தில் பெரும்பகுதி அப்போதே மாறியிருக்கும். பதமிட்டுக் கொடுத்தவர்கள் முதலில் டெம்பர் செய்துவிட்டு, மறுநாள்தான் சப் ஜீரோவுக்கு, அதாவது இந்தக் குளிரூட்டலுக்கு, அனுப்பினார்கள். அதற்குள் ஆஸ்டெனைட் நிலைப்பட்டுவிடும், பிறகு எவ்வளவு குளிர வைத்தாலும் முழுசாக இறங்காது. சான்றிதழில் மட்டும் சப் ஜீரோ செய்ததாக ஜம்மென்று அச்சாகியிருந்தது.

இத்தனைக்கும் பேரிங்கில் இதே ஆஸ்டெனைட் உபகாரிதான். மசகு எண்ணெயில் கலந்த தூசு ரேஸில் (உருளைகள் ஓடும் பாதையில்) பள்ளம் போட்டால், பள்ளத்தின் விளிம்பில் விரிசல் கிளம்ப விடாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அளவு நிலைக்க வேண்டிய பேரிங்குகளை இன்னும் கூடிய சூட்டில் டெம்பர் செய்கிறார்கள், கடினம் சற்றுக் குறையும். குவென்ச்சில் முழுக்கக் குளிரவிடாமல் 220 டிகிரி வாக்கில் பல மணி நேரம் வைத்துப் பெயினைட் (மார்டென்சைட்டுக்குப் பதில் வரும் இன்னொரு கடினமான நிலை) ஆக்கினாலும் மிச்சம் வெகுவாகக் குறையும்.

ஆக எஃகின் மேல் தப்பில்லை. ரோலர், பின், புஷ் என்றால் யோசிக்காமல் எடுங்கள். கேஜுக்கு வேண்டாம். ஒழுங்காகப் பதமிட்டால் இதைவிட நல்ல கேஜ் கிடைப்பது கஷ்டம் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதை மூன்றாம் தடவை லேப் செய்யும் பொறுமை எனக்கில்லை.