அஸ்தம்பட்டி காபிக் கடை மாடியில் எண் ஊகப் போட்டி: ஒரு மதிப்பீடு

சேலத்தில் வினாடி வினா என்றால் பள்ளி ஆண்டு விழாவிலோ கல்லூரிக் கலையரங்கிலோ நடக்கும் மேடைப் போட்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் சற்றுத் தள்ளி இருக்கும் ஒரு காபிக் கடையின் மாடியில், மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலை நடக்கும் எண் ஊகப் போட்டி அந்த வகையைச் சேர்ந்ததன்று. இங்கே ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஓர் எண். அதுவும் பெரும்பாலும் யாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்க முடியாத எண். சரியான விடையைச் சொல்லும்படி யாரும் எதிர்பார்ப்பதில்லை. கிட்டத்தட்ட எங்கே இருக்கும் என்று நிதானித்துச் சொன்னால் போதும். ஆளுக்கு 150 ரூபாய் கட்டணம். அதில் ஒரு காபியும் ஒரு தட்டுவடை செட்டும் அடங்கும். பரிசென்று பெரிதாக எதுவும் இல்லை. வென்ற மேசைக்கு அரைக் கிலோ காபித்தூள் பொட்டலம் ஒன்று கிடைக்கும். அதையும் வென்றவர்கள் அங்கேயே பிரித்துப் பங்கிட்டுக்கொள்வதுதான் வழக்கம்.

போட்டியை நடத்துபவர் ஓய்வுபெற்ற கணக்காசிரியர். மேசைக்கு நான்கு பேர் வீதம் ஆறு மேசைகள். கேள்வி வாசிக்கப்பட்டதும் ஒன்றரை நிமிடத்துக்குள் ஒவ்வொரு மேசையும் தன் ஊகத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆறு சீட்டுகளையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, கரும்பலகையின் குறுக்கே கட்டிய கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுகிறார்கள். அதன் பிறகுதான் ஆட்டமே சூடு பிடிக்கிறது. எந்தச் சீட்டு உண்மைக்கு நெருக்கமானது என்று ஒவ்வொரு மேசையும் புளியங்கொட்டைகளை வைத்துப் பந்தயம் கட்டலாம். தன் சீட்டின் மேல்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. நடுவில் தொங்கும் சீட்டுகளின் மேல் வைத்தால் இரண்டு மடங்கும், ஓரத்துச் சீட்டுகளின் மேல் வைத்தால் நான்கு, ஐந்து மடங்கும் திரும்பக் கிடைக்கும். 2005இல் அமெரிக்காவில் டொமினிக் கிராப்புசெட்ஸ் வடிவமைத்து வெளியான ‘விட்ஸ் அண்ட் வேஜர்ஸ்’ என்ற பலகை விளையாட்டின் அடிப்படை இதுவே. அதில் உண்மை விடையைத் தாண்டாமல் அதற்கு மிக அருகே இருக்கும் ஊகமே வெல்லும். இங்கே அந்த நிபந்தனையைக் கைவிட்டு, மேலேயோ கீழேயோ எது நெருக்கமோ அது என்று வைத்துக்கொண்டார்கள். புதியவர்களுக்கு விளங்க எளிது என்பதால் இந்த மாற்றத்தில் எனக்கு மறுப்பில்லை.

இந்தப் பந்தய முறையின் அருமை, விடை தெரியாதவரும் ஆட்டத்துக்குள் இருக்க முடிகிறது என்பதுதான். தனக்குத் தெரியாவிட்டாலும், யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கணிக்கத் தெரிந்தால் போதும். நெசவைப் பற்றிய கேள்வி என்றால் எல்லோருடைய புளியங்கொட்டையும் பொன்னம்மாப்பேட்டையிலிருந்து வரும் தறிக்காரர்களின் மேசை எழுதிய சீட்டை நோக்கி நகர்கிறது. கிரிக்கெட் என்றால் கல்லூரிப் பையன்களின் சீட்டு. இருபது பேருக்கு மேல் கூடிய அறையில் ஒருவரை ஒருவர் இவ்வளவு கூர்ந்து கவனிக்கும் போட்டியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கேள்விகளின் தரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எண் ஊகப் போட்டி நிற்பதும் விழுவதும் கேள்வி அட்டையில்தான். ஈஃபிள் கோபுரத்தின் அடியிலிருந்து உச்சி வரை எத்தனை படிகள் என்பது ஒரு கேள்வி. எங்கள் மேசையில் வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். பாரிஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தமக்குத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே, “கோபுரம் என்ன உசரமுங்க?” என்று மட்டும் கேட்டார். ஆயிரம் அடி இருக்கும் என்றோம். “அப்போ பன்னெண்டாயிரம் இன்ச்சு. ஒரு படி ஏழு இன்ச்சுக்கு மேல வெச்சா ஏறுறவனுக்கு முட்டி போயிருமுங்க. ஏழால வகுத்துப் பாருங்க” என்றார். 1,714 வந்தது, 1,700 என்று எழுதிக் கொடுத்தோம். விடை 1,665. மற்ற மேசைகளின் சீட்டுகள் 400 முதல் 5,000 வரை பரவிக் கிடந்தன. தெரிந்த இரண்டு சிறிய செய்திகளைக் கொண்டு தெரியாத பெரிய ஒன்றை எட்டிப் பிடிக்கும் இந்த வழிக்கு இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் பெயரை இட்டு வழங்குகிறார்கள். 1945இல் முதல் அணுகுண்டுச் சோதனையின்போது அவர் சில காகிதத் துண்டுகளைக் கையிலிருந்து விழவிட்டு, அதிர்வலை அவற்றை எவ்வளவு தூரம் நகர்த்தியது என்பதைப் பார்த்தே வெடிப்பின் ஆற்றலை 10 கிலோ டன் என்று கணித்தார். உண்மை அளவு அதைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். கருவி ஏதுமின்றிச் சொன்ன கணிப்புக்கு அது மோசமில்லை.

இதற்கு நேர்மாறாக, உள்ளூர்க் கேள்விகளில் சில ஊகத்துக்கு இடமே வைக்காதவை. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் எத்தனை அடி என்று சேலத்தில் கேட்டால் ஆறு சீட்டிலும் 120 என்றுதான் வரும். நாளிதழில் தினமும் பார்க்கிற எண் அது. ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் 20 என்பதும் அப்படியே. கயிற்றில் ஒரே எண் ஆறு முறை தொங்கினால் பந்தயம் கட்ட என்ன இருக்கிறது? ஆனால் ஆசிரியர் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது பின்னர் வந்த ஒரு கேள்வியில் தெரிந்தது. மேட்டூர் அணை நிரம்பும்போது அதில் உள்ள நீர் 93.47 டி.எம்.சி. என்று அட்டையிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, அது எத்தனை லிட்டர் என்று கேட்டார். ஓமலூர்ப் பக்கத்து விவசாயிகள் உட்பட அறையில் பாதிப் பேருக்கு 93.47 என்பது தலைகீழாகத் தெரியும்; அது எத்தனை லிட்டர் என்று எவரும் யோசித்திருக்கவில்லை. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று படிப்படியாகப் போனால் ஏறக்குறைய 2 லட்சத்து 65 ஆயிரம் கோடி லிட்டர் வரும். வந்த சீட்டுகளில் சிறியது 900 கோடி. பெரியது, எழுதியவரே வாசிக்க முடியாத அளவுக்குச் சுழியம் நிறைந்தது. நாள்தோறும் வாயில் புழங்கும் ஓர் எண்ணை அதே வாயாலேயே வேறு அளவில் சொல்லத் தடுமாற வைத்த அந்தக் கேள்வியே அன்றைய மாலையின் சிறந்த கேள்வி.

அட்டையில் அலகும் ஆண்டும் தெளிவாக இருக்கின்றன என்பதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை என்று மொட்டையாகக் கேட்காமல், 2011 கணக்கெடுப்பின்படி என்று குறிப்பிட்டிருந்தார்கள். விடை 8 லட்சத்து 29 ஆயிரத்துச் சொச்சம். இந்தியக் கடற்கரையின் நீளம் பற்றிய கேள்வியில் இந்தக் கவனத்தின் பயன் வெளிப்படையாகத் தெரிந்தது. போட்டித் தேர்வுக்குப் படித்த தம்பி ஒருவர் 7,516 என்று உறுதியாக எழுதினார். பல ஆண்டுகளாகப் பாடநூலில் இருந்த எண் அதுதான். ஆனால் கரையின் வளைவு நெளிவுகளை முன்பைவிட நுணுக்கமாகச் சேர்த்து அளந்த பிறகு, அரசு இப்போது தரும் நீளம் 11,098 கிலோ மீட்டருக்கு மேல். தமிழ்நாட்டின் கரையே 906 கிலோ மீட்டரிலிருந்து 1,068 ஆகிவிட்டது. அட்டையில் ‘புதிய அளவீட்டின்படி’ என்று இருந்ததால் சண்டை வரவில்லை. ஒரு பட்டுக்கூட்டில் எத்தனை மீட்டர் நூல் என்ற கேள்வியில் மட்டும் இந்தக் கவனம் தவறிவிட்டது. வெண்பட்டுக்கூடா, கலப்பினக் கூடா என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் நூல் நீளம் பெரிதும் வேறுபடும் என்று தறிக்காரர்கள் எழுந்து நின்று வாதிட்டதில் நியாயம் இருந்தது. கேள்வியை ரத்து செய்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள்.

இனி குறைகள். முதல் குறை, ஆசிரியரின் வாய். கேள்வியை வாசித்துவிட்டு, “ஆயிரத்தைத் தாண்டுமா, பாருங்கள்” என்பது போல ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறார். ஊக்கப்படுத்தத்தான் சொல்கிறார், விளைவு வேறு. உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானமனும் 1974இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 10 அல்லது 65இல் மட்டும் நிற்குமாறு ஏற்பாடு செய்த சக்கரம் ஒன்றைச் சுழற்றிக் காட்டிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் நூற்றுக்கு எத்தனை ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்டார்கள். 10ஐக் கண்டவர்களின் நடு ஊகம், அதாவது ஊகங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 25. 65ஐக் கண்டவர்களின் நடு ஊகம் 45. சம்பந்தமே இல்லாத சக்கரத்தின் எண்ணே இவ்வளவு இழுக்கும் என்றால், கணக்காசிரியர் வாயால் வரும் ஆயிரம் எவ்வளவு இழுக்கும்? அவர் அப்படிச் சொன்ன கேள்விகளில் கயிற்றுச் சீட்டுகள் ஆயிரத்தைச் சுற்றியே மொய்த்ததை மேசையிலிருந்தே பார்க்க முடிந்தது. மேசைகள் ஒன்றையொன்று கேட்காமல் தனித்தனியே எழுதினால்தான் நடுச் சீட்டுக்கு மதிப்பு. 1906இல் இங்கிலாந்தின் பிளிமத் கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டின் எடையை ஊகித்து எழுதிய 787 சீட்டுகளைப் புள்ளியியல் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் ஆராய்ந்தபோது, நடு ஊகம் 1,207 பவுண்டாகவும் உண்மை எடை 1,198 பவுண்டாகவும் இருந்தன. அவரவர் தனியே எழுதிய சீட்டுகள் அவை என்பதை மறக்கக் கூடாது. இங்கே மேசைகள் நெருக்கமாகக் கிடப்பதால் பக்கத்து மேசையின் முணுமுணுப்பும் காதில் விழுகிறது. இடப் பற்றாக்குறைக்கு நடத்துபவரைக் குறை சொல்வதற்கில்லை என்றாலும், பேசாமல் இருப்பது அவர் கையில் உள்ளது.

இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. நெருக்கம் என்பதைக் கழித்தல் கணக்கால் அளக்கிறார்கள். சூரிய ஒளி பூமிக்கு வந்து சேர எத்தனை விநாடி என்ற கேள்விக்கு விடை சுமார் 500. ஒரு மேசை 60 என்றது, இன்னொன்று 1,000 என்றது. வேறுபாடு முறையே 440, 500 என்பதால் 60 வென்றது. ஆனால் 1,000 என்பது உண்மையின் இரு மடங்கு. 60 என்பதோ உண்மையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. யாருக்கு அளவறிவு கூடுதல் என்று கேட்டால் ஆயிரம் என்றவருக்குத்தான் என்று எவரும் சொல்வார்கள். கழித்தல் முறையில் கீழே எவ்வளவு தவறினாலும் விடையளவுக்கு மேல் இழப்பில்லை, மேலே போனால் இழப்புக்கு எல்லையே இல்லை. ஆகவே பழகியவர்கள் எல்லாவற்றையும் குறைத்தே எழுதக் கற்றுக்கொள்கிறார்கள். வகுத்துப் பார்த்து, எத்தனை மடங்கு தவறு என்று அளப்பதே முறை. ஆண்டுகளைக் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் இது பொருந்தாது. சேலம் நகராட்சியான 1866ஆம் ஆண்டையோ, ராஜாஜி அதன் தலைவரான 1917ஆம் ஆண்டையோ கேட்டால் எந்த மேசையும் மடங்குக் கணக்கில் தவறப் போவதில்லை. அங்கே கழித்தல்தான் சரி. இரண்டையும் ஒரே படியால் அளப்பதுதான் சிக்கல்.

வேடிக்கை என்னவென்றால், இறுதியில் வரும் இடைவெளிச் சுற்றில் இதே ஆசிரியர் மடங்குக் கணக்கைத்தான் பயன்படுத்துகிறார். அந்தச் சுற்றில் ஓர் எண்ணுக்குப் பதிலாகக் கீழெல்லை, மேலெல்லை என்று இரண்டு எண்களை எழுத வேண்டும். உண்மை இடையில் இருந்து, மேலெல்லை கீழெல்லையின் இரு மடங்குக்குள் அடங்கினால் ஐந்து புள்ளி. பத்து மடங்குக்குள் என்றால் இரண்டு புள்ளி. அதற்கும் மேல் விரித்தால் ஒன்றுமில்லை. நிலவின் சராசரித் தொலைவுக்கு 3 லட்சம் முதல் 5 லட்சம் கிலோ மீட்டர் வரை என்று எழுதிய அக்காவின் மேசை ஐந்து புள்ளியை அள்ளிக்கொண்டது, விடை 3,84,400. தனக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருப்பதால் இந்தச் சுற்று மற்றவற்றைவிட ஒரு படி மேலானது. இதே அளவுகோலை முதல் சுற்றுக்கும் கொண்டு வருவதற்கு ஒரு கால்குலேட்டர் போதும்.

காபி நன்றாக இருக்கிறது. சேர்வராயன் மலைக் கொட்டையில் போட்டது, சிக்கரி குறைவு. தட்டுவடை செட்டைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பீட்ரூட்டும் கேரட்டும் நிறையவே வைக்கிறார்கள், காரச் சட்னி சற்றுத் தண்ணீர். ஆனால் அதை ஆட்டத்தின் நடுவே பரிமாறுவது நல்ல ஏற்பாடன்று. பீட்ரூட் கை பட்ட சீட்டில் 3 எது, 8 எது என்று கயிற்றுக்குக் கீழே நின்று ஆராய வேண்டியிருக்கிறது. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் யோசித்து வர வேண்டும். வண்டி நிறுத்தக் கடைக்கு எதிரே இடம் உண்டு.

பெயர்ப் பதிவு கடையின் கல்லாவிலேயே. மேசைகள் ஆறுதான் என்பதால் வியாழனுக்குள் சொல்லிவிடுவது நல்லது. தனியாக வருபவர்களையும் ஏதாவது ஒரு மேசையில் சேர்த்துவிடுகிறார்கள். ஆறரைக்குத் தொடங்க வேண்டியது ஏழுக்கு நகர்ந்துவிடுகிறது. ஓமலூர், வாழப்பாடிப் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் இடைவெளிச் சுற்று தொடங்கும்போதே பேருந்துக்கு எழுந்துவிடுகிறார்கள். மேஸ்திரியும் அப்படித்தான் பாதியில் போனார். அந்தச் சுற்றை முதலில் வைத்துவிட்டுப் புளியங்கொட்டை ஆட்டத்தைப் பின்னால் நடத்தும்படி நாங்கள் கேட்டிருக்கிறோம். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார் ஆசிரியர்.