பிபிசி டோம்ஸ்டே: பள்ளிப் பிள்ளைகள் எழுதிய அட்லஸ்

இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறேன். வரைபட மென்பொருள் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதன் முன்னால் உட்கார்ந்தால், தான் இப்போது எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பது அதற்குத் தெளிவாகத் தெரியுமா? 1986-ல் வெளிவந்த பிபிசி டோம்ஸ்டே என்ற கணினி அட்லஸ் இதில் நன்றாகவே தேறுகிறது. பிளெட்ச்லி பார்க்கில் இருக்கும் தேசியக் கணினி அருங்காட்சியகத்தில் அதை உட்கார்ந்து பார்த்தேன். பழைய பொருள் என்று சலுகை காட்டாமல், அட்லஸாகவே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் வில்லியம் எடுக்கச் சொல்லி 1086-ல் நடந்த டோம்ஸ்டே என்ற நில, உடைமைக் கணக்கெடுப்பின் 900-ஆவது ஆண்டுக்காக பிபிசி இதைச் செய்தது. ஏகார்ன், பிலிப்ஸ், லாஜிகா நிறுவனங்கள் கூட இருந்தன. பிபிசி மாஸ்டர் கணினி, லேசரால் படிக்கும் பெரிய வீடியோ தட்டான லேசர்டிஸ்க்கை ஓட்ட ஒரு பிளேயர், சுட்டியை நகர்த்த ட்ராக்பால் என்ற உருட்டுப் பந்து, இரண்டு பெரிய தட்டுகள்: ஊர் ஊராகக் காட்டும் சமூகத் தட்டு, நாட்டின் புள்ளிவிவரம் தரும் தேசியத் தட்டு. அவ்வளவுதான் சாமான்.

திரையில் முதல் வரைபடம் வந்ததும் நான் அசந்துபோனேன். அந்தக் கணினியால் சொந்தமாகக் காட்ட முடிந்தது எட்டு நிறங்கள்தான். ஆனால் திரையில் இருப்பதோ பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே அச்சிட்ட தாள் வரைபடம், அதே பழுப்புச் சமவுயரக் கோடுகளும் பச்சைக் காடுகளுமாக. லேசர்டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் 54,000 நிலைப் படங்கள் வரை அடங்கும். வரைபடத்தைப் பகுதி பகுதியாகப் படம் எடுத்து அதில் வைத்துவிட்டார்கள். வழக்கமாக ஒலிக்கு ஒதுக்கும் இடத்தில் எழுத்தையும் புள்ளிவிவரத்தையும் டிஜிட்டலாகப் பதித்தார்கள். கணினியின் வேலை சரியான படத்தைத் தேடி எடுப்பது, அதன் மேல் எழுத்தையும் சுட்டியையும் போடுவது. கையில் இருந்த சின்ன இயந்திரத்தை வைத்து இவ்வளவு செய்த பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

உள்ளே இறங்குவது படிப்படியாகத்தான். முழு நாடு, பிறகு ஒரு வட்டாரம், பிறகு 40க்கு 30 கிலோமீட்டர், அதற்கும் உள்ளே 4க்கு 3 கிலோமீட்டர். தொலைக்காட்சித் திரையின் 4:3 அளவுக்குப் பொருந்தும்படி கட்டத்தையே அப்படி வெட்டியிருக்கிறார்கள். இன்று ஃபோனில் விரலால் விரித்துக்கொண்டே போகிறோமே, அதில் பிள்ளைகளுக்கு அளவு பிடிபடுவதில்லை. இங்கே ஒவ்வொரு படியிலும் ஒரு நிறுத்தம் இருக்கிறது. ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தட்டு தேடி முடிக்கும்வரை சற்றுக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் 'இதற்குள்தான் அது இருக்கிறது' என்பது மனதில் பதிந்துவிடுகிறது. இரண்டு புள்ளிக்கு இடையே தூரம் அளக்கலாம், பரப்பும் அளக்கலாம். வகுப்பில் பயன்படும் கருவிகள் இவை.

ஆனால் இதன் உயிர் அந்த 4க்கு 3 கட்டங்களின் எழுத்தில் இருக்கிறது. அங்கங்கே வாழ்கிறவர்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் கட்டத்தைப் பற்றி எழுதி, படமும் எடுத்து அனுப்பினார்கள். மொத்தம் 147,819 பக்கம், 23,225 புகைப்படம். ஒரு வரிக்கு ஏறத்தாழ 40 எழுத்துதான் இடம் என்பதால் யாரும் வளவளக்கவில்லை. எத்தனை கடை, பேருந்து எப்போது வரும், பண்ணையில் என்ன விளைகிறது, சாயங்காலம் என்ன விளையாடுவார்கள் என்று நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள். மற்ற அட்லஸ்கள் தலைநகரம், மக்கள்தொகை, கொடி என்று வெளியே நின்று சொல்லும். இது ஊருக்குள் இருந்து பேசுகிறது.

லண்டனின் ஐல் ஆஃப் டாக்ஸுக்குப் போனால், இன்றிருக்கும் கேனரி வார்ஃப் கோபுரங்கள் எதுவும் இல்லாத மூடிய துறைமுகம். ஃபோக்ஸ்டன் பக்கம் போனால், கடலுக்கடியில் பிரான்ஸுக்குப் போகும் கால்வாய்ச் சுரங்கப் பாதையின் முனையம் கிடையாது. அந்த வேலை தொடங்கியதே 1988-ல். நிலக்கரி வட்டாரங்களில் சுரங்கத் தொழிலாளர்களின் 1984-85 வேலைநிறுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பிற்பாடு மூடப்பட்ட பல சுரங்கங்கள் அங்கே அப்போது ஓடிக்கொண்டிருந்தன. நிலப் பயன்பாடு எப்படி மாறுகிறது என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைத்ததில்லை.

குறைகளும் உண்டு. எழுத முன்வந்தவர்கள் இருந்த இடங்கள்தான் நிரம்பியிருக்கின்றன. ஆள் குறைந்த மலைப்பகுதிகளில் கட்டத்தைத் திறந்தால் வரைபடம் மட்டும்தான். இரண்டாவதான தேசியத் தட்டு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மக்கள்தொகைக் கணக்கு போன்ற புள்ளிவிவரங்களை நிற வரைபடமாக்கித் தருகிறது. ஆராய்ச்சி செய்கிறவருக்குச் சரி, பிள்ளைகள் மெனுக்களிலேயே தொலைந்துபோவார்கள். அதிலுள்ள புகைப்படக் கூடம் மட்டும் விதிவிலக்கு: அடுத்தடுத்த புகைப்படங்களாலேயே ஒரு கூடத்துக்குள் நடந்து போகலாம், மாட்டியிருக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தலைப்பு திறக்கும்.

எனக்கு ஆறாத குறை விலை. முழு அமைப்பும் சுமார் 5,000 பவுண்டு. 1986-ல் எந்தப் பள்ளி அவ்வளவு கொடுக்கும்? மழையில் நடந்து கடைகளை எண்ணி எழுதிக் கொடுத்த பிள்ளைகளில் பலர், தங்கள் பக்கம் திரையில் வந்ததைப் பார்க்கவே இல்லை. எவ்வளவு நல்ல அட்லஸாக இருந்தாலும், எழுதியவர் கைக்குப் போகாதது பெரிய தோல்வி என்றுதான் சொல்வேன்.

பிளேயர்கள் அரிதாகிவிட்டபோது லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் காமிலியான் திட்டம் இதை, பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டரில் ஓட்டிக் காட்டியது. 2011-ல் சமூகத் தட்டின் பக்கங்களை பிபிசி இணையத்தில் போட்டது. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேமிப்பில் அவற்றை இப்போதும் படிக்கலாம். வகுப்புக்கு எழுத்தும் படமும் போதும் என்றால் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பிளெட்ச்லிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், பழைய இயந்திரம் அன்று ஓடுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஓடுமென்றால் தேசியத் தட்டை விட்டுவிட்டு நேரே சமூகத் தட்டைப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த ஊரைத் தானே உருட்டித் தேடட்டும்.