பத்தாங் பெர்ஜுந்தை பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போட்டோம்

அப்பா மலேசியாவில், பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார் (2007-ல் பெயர் மாறினாலும் எங்கள் வாயில் ஊர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்). போன மாதம் அவருடைய அரிவாளை வேறொரு கடையில் சாணை பிடிக்கக் கொடுத்தோம். கிரைண்டரில் வைத்து அழுத்தித் தேய்த்ததில் விளிம்பு முழுக்க நீலம் ஏறிவிட்டது. பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் மறுநாள் பத்து மரம் தாண்டுவதற்குள் மழுங்கி, அப்பா தோள்வலியோடு வீடு திரும்பினார். அப்புறம் பக்கத்து வீட்டு மாமா சொல்லித்தான் இந்த இரும்புப் பட்டறைக்குப் போனோம்.

பட்டறை அண்ணன் நீலத்தைப் பார்த்தவுடனே, "பதம் போயிருச்சு தம்பி, சாணை பிடிச்சுப் பிரயோஜனம் இல்ல, முதல்லேர்ந்து தோய்ச்சல் போடணும்" என்றார். தோய்ச்சல் என்றால் இரும்பைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது. நான் உலோகவியல் படித்தவன், பாடத்தில் படமாகப் பார்த்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

உலையில் வைத்ததும் முன்பக்க ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டார், வெயிலில் இரும்பின் நிறம் சரியாகத் தெரியாதாம். கம்பியில் கட்டிய ஒரு காந்தத்தை அடிக்கடி அரிவாளில் தொட்டுப் பார்க்கிறார். ஒட்டாமல் போனால் சூடு ஏறக்குறைய 770 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி, சட்டென்று எண்ணெய் டின்னுக்குள் இறக்கினார். புகை அடங்கியதும் விளிம்பில் அரத்தை வைத்து இழுத்தார், கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கியது, அவ்வளவு கடினம்.

அந்தச் சில நொடிகளில் உள்ளே நடப்பதுதான் விஷயமே. செஞ்சூட்டில் இரும்பணுக்கள் கனசதுர அடுக்கில் இருக்கும், இடையில் கரி (கார்பன்) அணுக்கள் தாராளமாக உட்கார்ந்திருக்கும். மெல்ல ஆறவிட்டால் கரி தனியாகப் பிரிந்து இரும்பு மென்மையாகிவிடும். எண்ணெயில் சட்டென்று குளிர்ந்தால் கரி நகர நேரமே இல்லை. ஏறக்குறைய 300 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது இரும்பணுக்கள் பக்கத்து அணுவை விட்டுப் பிரியாமல் வரிசையோடு வரிசையாகச் சாய்ந்து, ஒரு பக்கம் நீண்ட வேறு அடுக்குக்கு மாறிவிடுகின்றன. சதுரப் புள்ளிக் கோலத்தைக் கால்வட்டம் திருப்பினாலும் அதே கோலம்தான். ஒரு பக்கமாக இழுத்துவிட்டால் அப்படித் திருப்பிப் பொருத்த முடியாது. கனசதுரத்தின் சமச்சீர்மையும் அதே மாதிரிதான் குறைகிறது. நீளுவதற்கு மூன்று திசைகள் இருக்கின்றன, ஒவ்வொரு துணுக்கும் ஒரு திசையைப் பிடித்துக்கொண்டு அடுத்ததை நெருக்குகிறது. அந்த இறுக்கமும், வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்ட கரியும் சேர்ந்துதான் அந்தக் கடினம். ஜெர்மானியர் அடோல்ஃப் மார்ட்டென்ஸ் நினைவாக இதற்கு மார்ட்டென்சைட் என்று பெயர். மாறும்போது இரும்பு கொஞ்சம் உப்பவும் செய்யும், அதனால்தான் இந்த வகை எஃகை, எண்ணெயைவிட வேகமாகக் குளிர்விக்கும் தண்ணீரில் போட்டால் வெடிப்பு விழ வாய்ப்பு அதிகம். "தண்ணியில போட்டா சத்தம் கேக்கும் தம்பி, அந்தச் சத்தம் கேட்டா அருவா போச்சு" என்றார் அண்ணன்.

இந்த நிலையில் எடுத்துப் போனால் முதல் மட்டையிலேயே விளிம்பு உடைந்துவிடும், அவ்வளவு முறுகலாக இருக்கும். பலர் அவசரப்படுவதும் இங்கேதான். அண்ணன் அவசரப்படவே இல்லை. விளிம்பை ஒட்டி ஒரு கோடு வெள்ளையாகத் தேய்த்துவிட்டு, முதுகுப்பக்கத்தை மட்டும் தணலில் காட்டி, நிறம் விளிம்பை நோக்கி நகர்வதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு. பழுப்பு விளிம்புக்கு வந்ததும், அதாவது 250 டிகிரி சொச்சத்தில், எடுத்துவிட்டார். அந்தச் சூட்டில் மாட்டிக்கொண்ட கரியில் கொஞ்சம் வெளியே வந்து நுண்ணிய துகளாகப் படிய, இறுக்கம் தளர்ந்து உறுதி வருகிறது. நீலம் என்றால் 300-ஐ ஒட்டி. கிரைண்டர்காரர் எங்கள் விளிம்பை அங்கே கொண்டுபோய்த்தான் கெடுத்தார்.

குறை என்றால், மூன்று நாள் காத்திருக்க வேண்டும், கழியில் மாட்டும் பக்கத்தில் பிசிறு நீக்காமல் கொடுத்தது அப்பா உள்ளங்கையைக் கீறிவிட்டது. இரண்டையும் அண்ணனிடமே சொன்னேன், பிசிறை அங்கேயே அரத்தால் எடுத்துத் தந்தார். கூலி 35 வெள்ளி (ரிங்கிட்), ரொக்கம் மட்டும். மூன்று வாரமாக அப்பா தினமும் வெட்டுகிறார், சாயங்காலம் சின்னக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதுமாக இருக்கிறது. போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அண்ணன் உலையை அணைத்துவிடுகிறார்.