13ஏ மாடி, இரண்டு லிப்ட், ஏழு வருடம்

போன மாதம் எங்கள் அடுக்குமாடியின் இரண்டாம் லிப்ட் சரியானது. அதற்கு முன் பதினொரு நாள் நின்று கிடந்தது. அந்தப் பதினோராம் நாள் மாலை சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து பள்ளித் தோழன் ஒருவன் கூப்பிட்டான். "ஏழு வருடமாகப் பினாங்கில் இருக்கிறாயே, நானும் வந்துவிடலாமா? உள்ளதைச் சொல்" என்றான். ஒரு நாள் தள்ளிக் கேட்டிருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்கும். பாவம், ஓடிக்கொண்டிருந்த ஒரே லிப்டுக்கு நெடுநேரம் காத்திருந்து அலுத்துப்போயிருந்த நேரத்தில் கேட்டுவிட்டான். அன்று சொன்னது பாதிதான் நியாயம். மீதியை இங்கே எழுதுகிறேன்.

வெளிநாட்டவர் மலேசியாவில் நீண்டகாலம் தங்குவதற்கான 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டத்தின் விசாவைத்தான் எம்எம்2எச் என்பார்கள். நாங்கள் 2017இல் பழைய விதிகளின்படி வந்தவர்கள். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 10,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம், வங்கியில் 150,000 ரிங்கிட் வைப்புத்தொகை, பத்து வருட விசா. வீடு வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அப்போது கிடையாது. நாங்களாகப் போய் மாட்டிக்கொண்டோம். முதல் வருடம் புலாவ் திக்குஸ் பக்கம் வாடகைக்கு இருந்தபோது எந்தக் கவலையும் இல்லை. குழாய் ஒழுகினால் வீட்டுக்காரருக்கு ஒரு போன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். முகவர் கதவைத் திறந்ததும் நேராகப் பால்கனிக்கு அழைத்துப் போனார். கடல். என் மனைவி 30 வருடம் அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்தவள்; எதற்கும் லேசில் அசையமாட்டாள். அவளே கம்பியைப் பிடித்தபடி பத்து நிமிடம் நின்றாள். முகவர் அதற்கு மேல் பேசத் தேவையே இருக்கவில்லை.

மாடி எண் 13ஏ. இங்கே பல கட்டடங்களில் 4 என்ற எண் இருக்காது. சீன உச்சரிப்பில் சாவு என்பதற்குப் பக்கத்தில் வரும் எண் அது. நான்காம் மாடிக்கு 3ஏ, பதினான்காம் மாடிக்கு 13ஏ. பெயரை மாற்றினாலும் ராசி மாறாது என்று நினைக்கிறவர்கள் இருப்பதால், ஒரு மாடி மேலே இருந்த அதே அளவு வீட்டைவிட எங்களுடையது 20,000 ரிங்கிட் குறைவு. மலிவு என்று மகிழ்ந்தேன். எந்தப் பெயரில் அழைத்தாலும் அது பதினான்காம் மாடி என்பதும், மாடிக்கு 18 படி வீதம் 252 படி என்பதும் அப்போது கணக்கில் வரவில்லை.

பினாங்குத் தீவில் வெளிநாட்டவர் அடுக்குமாடி வீடு வாங்க அப்போது குறைந்தது 10 லட்சம் ரிங்கிட் விலை இருக்க வேண்டும். எம்எம்2எச்காரர்களுக்கு 5 லட்சம். எங்களுடையது 6 லட்சத்து 20 ஆயிரம். மாநில அரசின் ஒப்புதலுக்கு ஐந்து மாதம் காத்திருந்தோம். வக்கீல், முத்திரைத் தீர்வை, எல்லாம் முறையாக நடந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

லிப்டுக்கு வருகிறேன்.

லிப்ட் விஷயத்தில் நான் அனுபவம் இல்லாதவன் அல்ல. தோ பாயோவில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் 1, 5, 9 மாடிகளில்தான் லிப்ட் நிற்கும். நாங்கள் ஏழாம் மாடி. மளிகைப் பையோடு ஒன்பதில் இறங்கி இரண்டு மாடி கீழே நடப்போம். பிறகு மேம்பாட்டுத் திட்டம் வந்தது. முக்கால்வாசி வீட்டுக்காரர்கள் ஓட்டுப் போட்டதும் எல்லா மாடியிலும் நிற்கும் லிப்ட் வந்தது. பழுதானால் நகர மன்றத்துக்கு ஒரு போன், ஆள் வந்துவிடுவார். அதனால் லிப்ட் என்பது தண்ணீர், மின்சாரம் மாதிரி தானாக வரும் ஒன்று என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது.

இங்கே லிப்ட் நம்முடையது. 186 வீட்டுக்காரர்களின் கூட்டுச் சொத்து. சதுர அடிக்கு 32 காசு பராமரிப்புக் கட்டணம், அதில் பத்து சதவீதம் சேமிப்பு நிதி என்று தனியாக. எங்கள் வீட்டுக்கு மாதம் 415 ரிங்கிட் சொச்சம். சிங்கப்பூர்க் கணக்கில் அது ஒரு காசா என்று நினைத்தேன். அந்தத் தொகையைப் பலர் மாதக்கணக்கில் கட்டுவதில்லை என்பது இரண்டாம் வருடப் பொதுக்கூட்டத்தில்தான் தெரிந்தது. வீட்டை வாங்கிப் பூட்டிப் போட்டுவிட்டு வேறு ஊரில் இருப்பவர்கள் பலர். லிப்ட் ஓடினால் என்ன, நின்றால் என்ன அவர்களுக்கு?

கட்டடத்துக்கு வயது முப்பதை நெருங்குகிறது. லிப்ட் இரண்டு. முதலாவது சின்னது, நான்கு பேர் ஏறினால் ஐந்தாமவர் சிரித்துவிட்டு நின்றுகொள்வார். இரண்டாவது ஆழமானது, தீயணைப்புப் படைக்கானது என்பதால் 'போம்பா லிப்ட்' என்பார்கள். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சர் படுத்த நிலையில் நுழைவது அதில் மட்டும்தான். அடிக்கடி நிற்பதும் அதுதான்.

இப்போது கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் இந்த ஊரில் எங்களை வியக்க வைத்தது அதுதான்.

2019இல் மனைவிக்குக் காலையில் படபடப்பு. பத்து மணிக்குத் தனியார் மருத்துவமனைக்குப் போனோம். பரிந்துரைக் கடிதம் வேண்டாம், முன்பதிவு வேண்டாம். இதய மருத்துவர் பார்த்தார், ரத்தம் எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், மதியம் இரண்டரைக்கு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அதே மருத்துவர் மறுபடி பேசினார். நான்கு மணிக்கு லெபு பசாரில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சிங்கப்பூரில் மானியக் கட்டணத்தில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருந்த என் மனைவிக்கு அன்று கொஞ்சம் கோபம்கூட வந்தது, தான் வேலை பார்த்த இடத்தின் மீது.

இதன் ரகசியம் வரவேற்புக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பாதிப் பேர் இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவிலிருந்து, அங்கே மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் வந்தவர்கள். விமானத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் வந்து, இரண்டு மூன்று நாளில் எல்லாச் சோதனையையும் முடித்துக்கொண்டு திரும்ப வேண்டியவர்கள். அவர்களுக்காக அமைந்த வேகம் எங்களுக்கும் கிடைக்கிறது. தாதிகளில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. "அங்கிள், வலிக்குதா, சும்மா சொல்லுங்க" என்று கேட்கும் குரலுக்கே பாதி வலி குறையும்.

கட்டணமும் ஒளிவுமறைவு இல்லாதது, ஓரளவுக்கு. தனியார் மருத்துவர்களின் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. சிறப்பு மருத்துவரின் முதல் ஆலோசனைக்கு 80 முதல் 235 ரிங்கிட் என்று அட்டவணையே இருக்கிறது. ஆனால் கையுறை, ஊசி, பஞ்சு, அறை வாடகை இதற்கெல்லாம் அந்த வரம்பு இல்லை. பில்லில் மருத்துவர் ஒரு வரி. பஞ்சு ஒரு பக்கம். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையுறைக் கணக்கைப் பார்ப்பாள். "இத்தனை ஜோடி போட்டு ஆபரேஷன் பண்ண இவர்களுக்கு எத்தனை கை?" என்று ஒருமுறை கேஷியரிடமே கேட்டாள். இரண்டு வரி அடிபட்டது.

2023இல் எனக்கு வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. மொத்தம் 31,400 ரிங்கிட். சிங்கப்பூரில் தனியாரிடம் கேட்ட தொகையில் பாதிகூட இல்லை. மூன்றாம் நாளே நடக்க வைத்துவிட்டார்கள். பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண், மரத்தாலான நான்கு படிகளைக் காட்டி, "ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். மறக்காதீங்க" என்றாள். நான்கு படிதானே, ஏறி இறங்கிக் காட்டினேன். கை தட்டினாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று காலை பதினொரு மணிக்கு மருத்துவர் கையெழுத்துப் போட்டார். காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வரவேண்டும். இங்கே எல்லோரும் சுருக்கமாக 'ஜிஎல்' என்பார்கள். அது வராமல் கட்டிலைவிட்டு இறங்க முடியாது. அல்லது முழுப் பணத்தையும் நாமே கட்டிவிட்டுப் பிறகு போராடலாம். மாலை ஆறரைக்கு வந்தது. பஞ்சுக் கணக்கில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்ளவில்லை என்ற குறிப்போடு.

சரி, போகட்டும் என்று டாக்சியில் ஏறி ஏழரைக்கு வீடு வந்து சேர்ந்தால், இரண்டு லிப்டும் ஓடவில்லை. மதியம் இடி விழுந்ததில் கட்டுப்பாட்டுப் பலகை போய்விட்டதாம். முகப்பில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: சிரமத்துக்கு வருந்துகிறோம்.

நேப்பாளக் காவலர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். உட்கார்ந்தேன். எதிரே படிக்கட்டு. நல்ல கால் முதலில், வலிக்கிற கால் முதலில் என்று நான்கு படிக்குப் படித்த பாடத்தை 252 படிக்கு நீட்டலாமா என்று ஒரு கணம் யோசித்ததும் உண்மை. மனைவி என் முகத்தைப் பார்த்தே, "என்னங்க, பைத்தியமா?" என்றாள். இரண்டு இரவு ஹோட்டல். அவள் மட்டும் ஒருமுறை மேலே ஏறி மாத்திரையும் மாற்றுத் துணியும் எடுத்து வந்தாள். அப்போது அவளுக்கு 64 வயது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? மருத்துவம் அருமை. வீடும் அருமை, அந்தக் கடல் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பியில் தொங்குகிற பெட்டிதான் பிரச்சினை. வெளிநாட்டில் ஓய்வெடுக்கப் போகிறவர்கள் மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறார்கள். எங்களுக்கு ஐந்து. அந்த ஐந்து ஒரு பொருட்டே இல்லை. கட்டிலிலிருந்து தரைத்தளம்வரை உள்ள தூரத்தைத்தான் நான் அளந்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நான் பொதுக்கூட்டங்களை விடுவதில்லை. லிப்ட் இரண்டையும் புதுப்பிக்க 4 லட்சத்து 60 ஆயிரம் என்று விலை வந்தது. சேமிப்பு நிதியில் இருந்தது 1 லட்சத்து 30 ஆயிரம். மீதிக்கு வீட்டுக்குச் சுமார் 1,800 ரிங்கிட். ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப் பேராவது வரவேண்டும். வராவிட்டால் அரை மணி காத்திருந்து, இருக்கிறவர்களை வைத்து நடத்தலாம் என்பது சட்டம். அரை மணி காத்திருந்தோம். நாற்பத்தொரு பேர். நிலுவை வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் கூட்டத்தில் வைக்கும் கறிபாப் பலகாரத்தை எடுக்கத் தடையில்லை. முதல் வருடம் தள்ளிப்போட்டார்கள். அடுத்த வருடம் நிறைவேறியது. சின்ன லிப்ட் இந்த வருடத் தொடக்கத்தில் முடிந்தது. போம்பா லிப்ட் இழுத்தடித்து, வேலை நடக்கும்போதே இன்னொரு பாகம் போய், மேலே சொன்ன பதினொரு நாளும் நின்று, போன மாதம் ஒரு வழியாக ஓடத் தொடங்கியது.

காப்பீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. 60 வயதில் எடுத்தபோது வருடத்துக்கு 4,100 ரிங்கிட். பிறகு ஏறிக்கொண்டே போய், 2024 இறுதியில் வந்த கடிதத்தைப் பார்த்தபோது தொலைபேசி எண்ணை அச்சடித்துவிட்டார்களோ என்று நினைத்தேன். நாடு முழுக்க எழுந்த கூச்சலில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வை மூன்று வருடமாவது பிரித்துப் போடச் சொன்னது. பிரித்துக் கட்டினாலும் கட்டுவது நான்தான். நிறுத்தவும் துணிவில்லை. சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் இருக்கிறதே என்பான் தோழன். மலேசியாவில் அதைப் பயன்படுத்த, ஒப்புதல் பெற்ற மருத்துவமனையாக இருக்க வேண்டும், சிங்கப்பூரில் முன்கூட்டியே பரிந்துரை வாங்க வேண்டும். நெஞ்சு வலிக்கு முன்கூட்டியே பரிந்துரை வாங்க என்னால் ஆகாது. அரசு மருத்துவமனையில் உள்ளூர்க்காரருக்கு 1 ரிங்கிட், 5 ரிங்கிட். விசா எத்தனை வருடம் இருந்தாலும் நாம் வெளிநாட்டவர், முழுக் கட்டணம்.

தோழனுக்குச் சொன்ன பதில் இதுதான்: வாங்காதே, வாடகைக்கு இரு. ஆனால் அவன் வரப்போவது 2024இன் புதிய விதிகளின்படி. பினாங்குக்கு வருகிறவருக்கு ஆகக் குறைந்த நிலையான வெள்ளிப் பிரிவிலேயே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, ஐந்து வருட விசா, 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடு ஒன்றை வாங்கியே ஆக வேண்டும், அதை இன்னும் விலை கூடிய வீட்டுக்காக அன்றிப் பத்து வருடத்துக்கு விற்கவும் கூடாது. 68 வயதில் பத்து வருடம். லிப்டுக்கு முன் நம் பாகங்கள் போய்விடும்.

சரி, நேரில் வந்து பார்க்கிறேன் என்றான். போன வாரம் நான்கு நாள் தங்கினான். அந்த நான்கு நாளும் இரண்டு லிப்டும் சத்தம்கூட இல்லாமல், பட்டு மாதிரி ஓடின. ஒருநாள் காலை அவனை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் முதுகைக் காட்டினேன்; பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது. மாலையில் பால்கனியில் தேநீரோடு உட்கார்ந்தவன் ஏழு மணிவரை எழுந்திருக்கவில்லை.

இன்று காலை முகவரின் எண்ணைக் கேட்டு வாட்ஸ்அப். அனுப்பினேன். கூடவே, 'மூன்றாம் மாடிக்கு மேல் பார்க்காதே' என்று எழுதினேன்.

'அங்கிருந்து கடல் தெரியாதே' என்று பதில் வந்திருக்கிறது.