பத்தி இறக்குவதா, கொட்டில் போடுவதா? வன்னி வெயிலில் ஒரு கணக்கு

எங்கள் வீட்டின் முதல் பத்தியை (வீட்டுச் சுவரிலிருந்து சரித்து இறக்கும் திறந்த கூரை) மேற்குப் பக்கமாக இறக்கி, வெறும் தகரம் போட்டோம். அதில் தகரம் சின்னப் பிழை, மேற்குப் பக்கம்தான் பெரிய பிழை என்று விளங்க இரண்டு சித்திரை போனது.

கிளிநொச்சிப் பக்கம் நிறையப் பேருடையது போல எங்களுடையதும் வீட்டுத்திட்ட வீடு. 550 சதுர அடிக்குள் இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி. பின்னேரம் மூன்று மணிக்கு உள்ளே இருக்க ஏலாது, வெளியே இருக்க நிழல் இல்லை. ஆகவே பத்தி. உடனே எல்லோரும் கேட்பது "என்ன கூரை?" என்றுதான். ஓடா, சீற்றா (தகரத் தகடு), கிடுகா (பின்னிய தென்னோலை) என்று ஒவ்வொரு மச்சானும் ஒவ்வொன்று சொல்வார். எந்தப் பக்கம், எவ்வளவு அகலம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பக்கத்தை முதலில் பார்ப்போம். இங்கே உச்சி வெயிலை எந்தக் கூரையும் மறைத்துவிடும், தொல்லை சரிந்த வெயில்தான். தாவாரம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, 7 அடி உயரத்தில் இருக்கும் மேற்குப் பத்தியில் மூன்று மணி தாண்டியதும் வெயில் 7 அடி உள்ளே வந்துவிடும். நாலேகால் அளவில் 12 அடி. உங்கள் பத்தி 10 அடி அகலம் என்றால் வீட்டுச் சுவரே சுடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அந்தச் சூடு இரவு அறைக்குள் வரும். கிழக்குப் பத்தியில் மத்தியானத்துக்குப் பிறகு வீடே நிழல் தருகிறது. அதன் குறை மாரியில் தெரியும்: வாடைக்காற்றோடு வரும் மழை நேரே உள்ளே அடிக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பத்தியில் இருக்க யாருக்கு ஆசை? வடக்குப் பக்கமும் பரவாயில்லை, ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும் என்றாலும் அது கிட்டத்தட்ட தலைக்கு மேலேதான். மேற்கைத் தவிர வேறு வழியில்லை, வாசலே அங்கேதான் என்றால் தாவாரத்தைத் தாழ்த்தி விடுங்கள், அல்லது கிடுகுத் தட்டி கட்டித் தொங்கவிடுங்கள். பழைய வீடுகளில் குனிந்துதான் உள்ளே போவோம், ஞாபகம் இருக்கிறதா? மரம் மிச்சம் பிடிக்க மட்டும் அப்படிக் கட்டவில்லை.

இப்போது ஓடும் சீற்றும். குளிர்ச்சியில் ஓடு வெல்லும், அதில் வாதமே இல்லை. இடுக்குகளால் காற்றுப் போகும், தடிப்பு இருக்கிறது, மழைச் சத்தமும் காதைப் பிளக்காது. பிறகு ஏன் எல்லோரும் சீற் போடுகிறார்கள்? விலை ஒரு காரணம், சரிவு அதைவிடப் பெரிய காரணம். ஓட்டுக்கு 25 பாகையாவது சரிவு வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் ஓட்டுக்குக் கீழே ஏறும். அந்தச் சரிவில் ஒவ்வொரு அடி அகலத்துக்கும் கிட்டத்தட்ட அரை அடி இறங்குகிறது. 9 அடிச் சுவரில் தொடங்கி 10 அடி அகலத்துக்கு இறக்கினால் தாவாரம் நாலேகால் அடியில் வந்து நிற்கும், கோழிதான் போய்வரலாம்! அகலத்தை 6 அடியாகச் சுருக்கினால் தாவாரம் 6 அடிக்குச் சற்று மேலே நிற்கும், ஒரு வாங்கும் இரண்டு கதிரையும் போடலாம். சீற்றுக்கு 10 பாகை போதும், அதே 10 அடி அகலத்துக்குத் தாவாரம் 7 அடிக்கு மேலேயே இருக்கும். ஆக, அகலமான பத்தி வேண்டுமா, சீற். ஒடுங்கிய பத்தி போதுமா, ஓடு. இந்த ஒரு கணக்கைப் போட்டால் வீட்டுக்குள் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

பாரமும் இருக்கிறது. ஓடு சதுர அடிக்கு மூன்றரைக் கிலோ வரும், சீற் அரைக் கிலோகூட வராது. ஓட்டுக்குப் பனஞ்சிலாகை வேண்டும் (பனையைத் தறிக்க அனுமதி எடுக்க வேண்டும், நினைவில் வையுங்கள்), சீற்றுக்கு இரும்புப் பொக்ஸ் பார் போதும். அப்புறம் குரங்கு. காட்டுக் கரையோரம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கூட்டம் ஓட்டுக் கூரையில் ஓடி விளையாடிவிட்டுப் போனால் அந்தப் பின்னேரம் ஏணி வைத்து ஓடு மாற்றுவதுதான் வேலை. சீற்றில் சத்தம் மட்டும்தான்.

ஆனால் வெறும் சீற்றுக்குக் கீழே மத்தியானம் இருந்து பாருங்கள், தலைக்கு மேலே தோசைக்கல்லைக் கவிழ்த்தது போல இருக்கும். மேலே சுடும் சீற் கீழே இருக்கும் ஆளையும் சுடுகிறது, காற்று வீசினாலும் அந்தச் சூடு போகாது. சீற்றுக்கும் ஆளுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும். கடையில் விற்கும் வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோமும் வேலை செய்கிறது. எங்களுக்குப் பிடித்தது சீற்றுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகு கட்டுவது. வெயிலும் மழையும் நேரே படாததால் அந்தக் கிடுகு லேசில் உக்காது. சுவரோடு சேரும் மேல் விளிம்பில் சூட்டுக்காற்று வெளியேற நாலு விரல் இடம் விடுங்கள், அதன் மேலே வீட்டுத் தாவாரம் வந்து மூடினால் மழையும் இறங்காது. சீற்றின் நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கடும் பச்சை, கடும் சிவப்பு எல்லாம் படத்துக்கு அழகு. கடற்கரைப் பக்கம், முல்லைத்தீவு மாதிரி இடங்களில், உப்புக்காற்று வெட்டு விளிம்பிலும் ஆணித் துளையிலும்தான் முதலில் கறள் பிடிக்க வைக்கும், அங்கே பெயின்ற் அடித்துவிடுங்கள்.

அஸ்பெஸ்டஸ் மலிவு, தகரத்தைவிடச் சத்தமும் குறைவு, ஆனாலும் புதிதாக ஒரு பத்திக்கு அதை நான் போட மாட்டேன். நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987-இலேயே தடைசெய்துவிட்டது, கூரைக்கு வந்தது வெள்ளை வகை. எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏற்கெனவே போட்டிருந்தால் பதற வேண்டாம், வெட்டாமல், துளைக்காமல், உரஞ்சிக் கழுவாமல் விடுங்கள், ஆபத்து தூசியில்தான். பிளாட் (கொங்கிறீற்றுக் கூரை) அடிப்பது மேலே மாடி எடுக்க எண்ணம் இருப்பவர்களுக்கு. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நீங்கள் காற்று வாங்க வந்து இருக்கும் இரவு எட்டு மணிக்கு அதை இறக்கி வைக்கும். வெளிச்சம் வரும் கண்ணாடி மாதிரிச் சீற்றா? வேண்டாம்.

இனி, பத்தியே வேண்டாம் என்ற கட்சி. இது என் மாமனாரின் கட்சி. வேப்ப மரத்தடியில் தனியாக ஒரு கொட்டில், நாலு பக்கமும் திறந்தபடி, கிடுகு வேய்ந்து. கிடுகுக்கு 40 பாகைச் சரிவு வேண்டும் என்பதால் 9 அடிச் சுவரில் அதை இறக்குவது சரிவராது, தனிக் கொட்டிலில் முகட்டை எவ்வளவும் உயர்த்தலாம். 14 அடி அகலக் கொட்டிலில் தாவாரம் ஐந்தரை அடி என்றால் முகடு பதினொன்றரை அடிக்குப் போகும், சூடு எல்லாம் மேலே போய் நிற்கும். நான் பார்த்த எந்தக் கூரையும் இதற்குக் கிட்ட வராது. குறை ஊருக்கே தெரிந்தது: ஒன்று இரண்டு வருஷத்தில் வேய வேண்டும், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும், அடுப்பை அண்டவிட ஏலாது. பனையோலை இன்னும் கொஞ்சம் நாள் நிற்கும். மீள்குடியேறிய காலத்தில் நிவாரணமாகத் தந்த தகரம் இன்னமும் எங்கள் கோழிக்கூட்டில் கிடக்கிறது, ஆயுள் என்று வந்தால் கிடுகு அதோடு போட்டி போட ஏலாது.

எதைப் போட்டாலும் சோளகத்தை, அந்தத் தென்மேற்குக் காற்றை, மறக்க வேண்டாம். திறந்த பத்திக்குள் காற்று கீழே புகுந்து கூரையை மேலே தூக்கும். பாரம் குறைந்த சீற்தான் முதலில் கிளம்பும். எங்கள் முதல் பத்தியின் கப்புகளை (தூண்களை) ஒட்டுவேலைக்கு (வெல்டிங்) வந்தவர் சீமெந்துத் தரையில் தகடு வைத்து நாலு ஆணியோடு விட்டுவிட்டார். வைகாசி கடைசியில் ஒரு மூலை கப்போடு எழும்பியது. இப்போது ஒவ்வொரு கப்பும் இரண்டடி கொங்கிறீற்றுக்குள் நிற்கிறது. தரைக்குச் சாதாரண சீமெந்து போதும், வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக. மினுங்கும் ரைல்ஸ் மழை நனைந்தால் வழுக்கும், பலகைத் தளம் என்றால் கறையானுக்கு விருந்து.

சீற்றுக்கு ஒரு பீலியும் (தாவாரத்தில் மழைத் தண்ணீர் பிடிக்கும் வாய்க்கால்) போடுங்கள். 10 அடிக்கு 20 அடிப் பத்தியில் ஓரிரவு 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 900 லீற்றர் தண்ணீர் சும்மா வரும். கிடுகிலிருந்து வடிவது தேத்தண்ணி நிறத்தில் இருக்கும், அது மரங்களுக்கு மட்டும்.

இன்றைக்கு எங்களிடம் கிழக்கே 10 அடியில் சீற்றும் கிடுகும் சேர்ந்த பத்தி, மேற்கே பழைய கப்புகளில் கொடித்தோடைப் பந்தல். மாமனார் இன்னமும் வேப்ப மரத்தடியில்தான். நீங்கள் தொடங்குவதென்றால் ஆவணிக்குள் கூரையை ஏற்றிவிடுங்கள். புரட்டாதி பிறந்து காலபோக (மாரிகால நெல்) விதைப்பு வந்துவிட்டால் மேசன் வயலில் நிற்பார், தொலைபேசியும் எடுக்க மாட்டார்.